சந்து வழிக்காரர்

என் வீட்டுக்காரர் கொர்னேலியஸ் எந்த இடத்துக்கும் நேர் ரோட்டில் போனவர் இல்லை. மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து சர்ச்சுக்கு மெயின் ரோட்டில் ஸ்கூட்டரில் போனால் பத்து நிமிஷம்கூட ஆகாது. இவரோடு போனால் நாங்கள் உள்ளே நுழையும்போது இரண்டாவது பாட்டு ஆரம்பித்திருக்கும். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கிருந்து, பந்தல் சாமான் வாடகைக்கு விடும் டென்ட் ஹவுஸ்காரர் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் இன்னொரு சந்து. அதையும் தாண்டினால், இரண்டு பேர் உட்கார்ந்த வண்டி நுழைய முடியாத மூன்றாவது சந்து. அங்கே மட்டும் நான் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்வேன். பட்டுப் புடவையோடு. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை.

"எதுக்கு இப்படிச் சுத்தணும்?" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தேன்.

"மெயின் ரோட்ல ஒரே புகை, கனகம். உனக்கு ஆகாது" என்றார்.

எனக்கு ஆஸ்துமா கிடையாது. சளிகூட அதிகம் பிடிக்காது. ஆனால் புருஷன் நம் நுரையீரலைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் கோபம் வரும்? சைனிக்புரியில் இருக்கும் என் தங்கையிடம், "உங்க அத்தானுக்கு இந்த ஊர்ல தெரியாத சந்து கிடையாது" என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். நான் ஸ்கூலில் சமூக அறிவியல் டீச்சர். பிள்ளைகளுக்கு மேப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவள். அவ்வளவு படித்தும், இந்த மனுஷர் போகும் வழிகளை ஒரு மேப்பில் கோடு போட்டுப் பார்த்து, எல்லாம் எதை விட்டு விலகிப் போகின்றன என்று யோசிக்கத் தோன்றவில்லை. அசடு என்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

விஷயம் வெளியே வந்தது ஒரு கார்டு ரீடரால்.

உப்பலில் இவர் ஸ்டோர் கீப்பராக இருந்த வால்வு கம்பெனியைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் வீட்டில்தான். காலையில் பேப்பர், அது முடிந்ததும் என் சமையலில் குறை, சாயங்காலம் மொட்டை மாடியில் தனியாக ஒரு நடை. நாற்பத்தாறு வயசுக்காரரை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? ஜெபக் கூட்டத்தில் இவர் பெயரைச் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

கடைசியில் உப்பலிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை கிடைத்தது. மேற்பார்வையாளர். சுற்றுவட்டாரத்தில் அவர்களுக்கு இருக்கும் கலெக்‌ஷன் சென்டர்களுக்கெல்லாம் ஸ்கூட்டரில் போய், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து வர வேண்டும். இவருக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. வண்டி ஓட்டுகிற வேலைக்கு யார் சேர்ந்தாலும், சேருவதற்கு முன்னால் லைசென்ஸை மெஷினில் காட்ட வேண்டும். முன்னே ஒருவன் போலி லைசென்ஸோடு விபத்தில் மாட்டிக்கொள்ள, இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்களாம். அதிலிருந்து கார்டு ரீடர் வாங்கி வைத்திருக்கிறார்கள். கார்டைச் செருகலாம், இல்லையென்றால் போனில் இருக்கும் டிஜிட்டல் லைசென்ஸை அதன் முன்னால் காட்டலாம். மெஷின் சர்க்கார் பதிவில் போய்ப் பார்த்துவிட்டு வரும். பச்சை எரிந்தால் வேலை. சிவப்பு எரிந்தால் வீடு.

எங்கள் மகள் பிளெசிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. காலேஜில் முதல் வருஷம் படிக்கிறாள். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் வேறு மூன்று பாஷைகள் கலந்து வரும். அன்று சாயங்காலம் அப்பாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டாடி, லைசென்ஸ் நம்பர் போலோ. டூ மினிட்ஸ்ல டவுன்லோட் ஆயிடும். ஓடிபி மம்மி போனுக்கு வரும்."

இவருடைய பழைய நம்பர் கம்பெனி கொடுத்த சிம். கம்பெனியோடு அதுவும் போயிற்று. அதனால் ஆதாரில் என் நம்பரைத்தான் சேர்த்திருந்தோம்.

"நக்கோ" என்றார் இவர். வேண்டாமாம்.

"ஒய் டாடி?"

"நக்கோன்னா நக்கோ. அந்த வேலையும் நக்கோ."

பிளெசி என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பிளெசி காலேஜுக்குக் கிளம்பியதும் அடுப்பை அணைத்துவிட்டு இவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஸ்கூலில் பிட் அடித்த பையனை விசாரிக்கும்போது நான் இப்படித்தான் உட்காருவேன், ஒன்றும் பேசாமல். பாதி இட்லியிலேயே சொல்லிவிட்டார்.

"அது செல்லாது, கனகம்."

"எது?"

"என் லைசென்ஸ். நான் டெஸ்டே குடுக்கல. புரோக்கர் வாங்கிக் குடுத்தது. நெசமா போலியான்னுகூட எனக்குத் தெரியாது."

கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில் வாங்கியதாம். என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். தன் கையால் பச்சைக் கொடி காட்டாமல் ஒரு ரயிலை நகரவிட்டதில்லை. அவர் பெண்ணை மட்டும் சும்மா அனுப்பிவிடுவாரா? மாப்பிள்ளை ஸ்கூட்டரில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே லைசென்ஸ் உண்டா என்பதுதான். இல்லை என்றதும், "வாங்கிட்டு வாங்க தம்பி, அப்புறம் நாள் குறிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். இவர் நேரே போய் ஒரு புரோக்கரைப் பிடித்திருக்கிறார்.

"அவன் ஆர்டிஓ ஆபீஸ்ல போட்டோ எடுக்க வச்சான். வண்டி ஓட்டத் தெரியுதான்னு பாக்க ஒரு கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு விடச் சொன்னான். டெஸ்டுக்கு எப்பக் கூப்பிடுவாங்கன்னு நான் காத்துக்கிட்டே இருக்கேன், ஒருநாள் கார்டையே கொண்டுவந்து கையில குடுத்துட்டான். உங்க அப்பாட்டக் காட்டுனேன். முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு, 'முறையா டெஸ்ட் குடுத்து வாங்குனதுதான?'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமா மாமான்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அப்ப அந்தச் சந்தெல்லாம்?"

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மெயின் ரோட்ல போலீஸ் நிப்பாங்கள்லா" என்றார்.

மாட்டுக் கொட்டகை, டென்ட் ஹவுஸ், மூன்றாவது சந்து. எத்தனை மழையில், எத்தனை புடவையில் சேறு. என் நுரையீரலுக்காக என்று நம்பி நான் இறங்கி நடந்த நடை எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தது. இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன். அதற்குள் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பிளெசி சின்னக் குழந்தையாக இருந்தபோது என் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆட்டோ கிடைக்கவில்லை. இவர் அப்பாவை ஸ்கூட்டரில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு, நட்டநடு மெயின் ரோட்டில் ஹாரனை அடித்துக்கொண்டே பறந்தார். தடுப்பு வைத்து நின்ற போலீஸ்காரர்களின் மூக்குக்கு முன்னால் போனோம். இவர் நேர் ரோட்டில் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான். அப்பா அன்று பிழைத்தார், அதற்கப்புறமும் சில வருஷம் இருந்தார். மருமகனை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். இவர்தான் அவர் எதிரில் உட்காரவே மாட்டார். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

திட்டுவதை விட்டுவிட்டு, "ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு லீவு. நானும் வாரேன். மெஷின்ல காட்டிப் பாத்துருவோம்" என்றேன்.

"செவப்பு எரிஞ்சா?"

"எரியட்டும். அப்புறமா முறையா டெஸ்ட் குடுத்து வேற வாங்குங்க."

"போலீஸ்ல சொல்லிட்டாங்கன்னா?"

"நான் எதுக்கு இருக்கேன்? ஜாமீன் எடுக்கேன்."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, சனிக்கிழமை வரைக்கும் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. சிவப்பு எரிந்தால் இந்த வேலை போய்விடும். அது மட்டுமா? போலி லைசென்ஸ்காரர் என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்தக் கம்பெனியில் போய் நிற்பது? மறுபடியும் மொட்டை மாடி, மறுபடியும் அந்த நடை. அதை இனி என்னால் பார்க்க முடியாது.

சனிக்கிழமை உப்பலுக்குக் கிளம்பினோம். சந்து வழியாகத்தான். லாலாகூடா பக்கம் சுற்றி, நாச்சாரத்தில் எங்கெங்கோ நுழைந்து, ஒரு மரக்கடையின் முற்றத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வந்தோம். கடைக்காரர் இவருக்குக் கை ஆட்டினார். பழக்கமாம்.

லேப்பில் சாஹித்யா என்று ஒரு பெண். பிளெசியைவிட நாலைந்து வயசு மூத்திருப்பாள். வேலையில் சேர்க்கிற பொறுப்பு அவளுடையது. இவரை "ரண்டி சார்" என்று வரவேற்று உட்காரவைத்து, எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னாள். மேஜைமேல் அந்த மெஷின் இருந்தது. கடையில் கார்டு தேய்ப்பார்களே, அதைவிடக் கொஞ்சம் பெரிசு. இதற்கா இந்த மனுஷர் வாரம் முழுக்க மெலிந்துபோனார் என்று இருந்தது.

இவர் பர்ஸிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். சாஹித்யா அதைச் செருகினாள். மெஷின் ஒரு தரம் கத்தியது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினாள். மறுபடியும் கத்தியது.

"சிப் போயிந்தி சார்" என்றாள். "பழைய கார்டு இல்லையா, அதான். பரவாயில்லை, போன்லயே எடுத்துடலாம்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, இவர் போனை வாங்கி, கார்டைப் பார்த்து நம்பரை அடிக்க ஆரம்பித்தாள். இவர் எதைத் தொடவிடாமல் வீட்டில் அத்தனை ஆர்ப்பாட்டம் செய்தாரோ, அதை அந்தப் பெண் பேச்சுவாக்கில் செய்து முடித்துவிட்டாள்.

"ஓடிபி சார்?"

என் கைப்பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். நம்பர் இருந்தது. இவர் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. வாய்விட்டுச் சொல்லவில்லை, கண்ணால் சொன்னார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நிமிஷம் பயம்தான். சிக்னல் இல்லை, வரவில்லை, திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாமா என்று இருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியப்போகிறது? சந்து என்பது ரோட்டில் மட்டும் இருப்பதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஒன்றுக்குள் நானும் நுழைந்தால், நாங்கள் இரண்டு பேருமே வெளியே வர மாட்டோம்.

நம்பரைப் படித்தேன். ஸ்கூலில் அட்டெண்டென்ஸ் எடுக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி.

போன் திரையில் வட்டம் சுற்றியது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சாஹித்யா இடையில் யாருக்கோ டீ சொல்லி அனுப்பினாள். பிறகு திரையில் ஒரு கார்டு வந்து நின்றது. மூலையில் கட்டை மீசையோடு ஒரு பையன் முறைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அதே மூஞ்சி.

அவள் போனை மெஷினுக்கு முன்னால் காட்டினாள். பச்சை எரிந்தது.

"கிரீன் வச்சிந்தி சார். கங்கிராட்ஸ்."

இவர் கண்ணைத் திறக்கவில்லை. "என்னங்க, பச்சை" என்று நான் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் திறந்தார். திறந்த கண்ணில் தண்ணீர். எனக்குப் போன உயிர் வந்த மாதிரி இருந்தது. ஸ்தோத்திரம் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை.

சாஹித்யா தன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். "ஒருதரம் பார்த்துக்கோங்க சார். பேரு, பிறந்த தேதி. டெஸ்ட் தேதி இது, ரிசல்ட் பாஸ்."

"டெஸ்டா?" என்றார் இவர். "ஆனா நான் டெஸ்ட்..."

மேஜைக்கு அடியில் இவர் காலை மிதித்தேன். பலமாகத்தான் மிதித்தேன். "எல்லாம் கரெக்டா இருக்கும்மா" என்றேன் சாஹித்யாவிடம். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னாள்.

வெளியே வந்து பக்கத்தில் இருந்த இரானி டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ வந்தது. இவர் குடிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி கனகம்? நான் டெஸ்டே குடுக்கலியே. புரோக்கர் யாரையாவது எனக்குப் பதிலா ஓட்ட வச்சிருப்பானோ?"

சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். கிடைத்த பச்சையை மறுபடி சிவப்பாக்கப் பார்க்கிறார். ஆனால் என் மனசும் அங்கேதான் இருந்தது.

"அந்த கிரவுண்டுல என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன நடக்கும்? போட்டோ எடுத்த அன்னிக்குத்தான். ஆபீஸ்க்குப் பின்னால இருந்துச்சு. புரோக்கர் என் வண்டியிலயே எட்டு போடச் சொன்னான்."

"எட்டா?"

"ஆமா. தரையில சுண்ணாம்புல போட்டிருந்துச்சு. மொதத் தடவ கால ஊனிட்டேன். மறுபடி போடச் சொன்னாரு, ரெண்டாந்தடவ சரியாப் போட்டேன்."

"சொன்னாருன்னா? யாரு சொன்னது? புரோக்கரா?"

"இல்ல, அங்க வேப்பமரத்தடியில ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. புரோக்கருக்குத் தெரிஞ்ச ஆள் போல. கடலை தின்னுக்கிட்டிருந்தாரு. இண்டிகேட்டர் போட்டுக் காட்டுன்னாரு. கையக் காட்டித் திரும்பச் சொன்னாரு. அப்புறம் ஏதோ எழுதிக்கிட்டு, போன்னுட்டாரு."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷமாக எத்தனையோ பரீட்சை ஹாலில் நின்றிருக்கிறேன். பரீட்சை எழுதிவிட்டு, எழுதியது பரீட்சைதான் என்றே தெரியாமல் வெளியே வந்த ஒரு ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

"அதுதாங்க டெஸ்ட்."

"எது?"

"அந்த எட்டு. அவருதான் இன்ஸ்பெக்டர்."

"சும்மா இரு, கனகம். அவரு கடலை தின்னுக்கிட்டிருந்தாரு."

"இன்ஸ்பெக்டர்னா கடலை திங்கக்கூடாதா?"

"யூனிஃபார்ம் இல்ல. விசில் இல்ல. டெஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லல." இவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், பாதியில் நின்றுவிட்டது. "கால ஊனுனதுக்கு அவருதான் திட்டுனாரு. புரோக்கர் அந்தப் பக்கம் பீடி குடிச்சிக்கிட்டில்ல நின்னான்."

மேஜையில் சிந்தியிருந்த டீயில் விரலை வைத்து மெதுவாக ஒரு எட்டு போட்டார். முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில், அப்புறம் வயிறு குலுங்க. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கம்பெனி மூடியதற்கப்புறம் இவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை, கூடவே அழுகையும். தேவையே இல்லாமல் அத்தனை சந்து. பட்டுப் புடவையோடு.

திரும்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "எந்த வழி போலாம்?" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

நேர் ரோட்டில் திருப்பினார். ஹப்சிகூடா, தார்நாகா, மேலே மெட்ரோ, இரண்டு பக்கமும் பஸ். புகை இருக்கத்தான் செய்தது. ஒரு சிக்னலில் சிவப்பு விழ, இவர் மெதுவாக எல்லா வண்டிகளுக்கும் முன்னால் போய், கோட்டுக்கு இந்தப் பக்கமாக நிறுத்தினார். பக்கத்திலேயே டிராஃபிக் போலீஸ்காரர். வழக்கமாக இந்த யூனிஃபார்மைத் தூரத்தில் கண்டாலே எங்கள் வண்டி எங்காவது ஒரு சந்தில் காணாமல் போயிருக்கும். இன்று இவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, நிமிர்ந்து உட்கார்ந்து, அவரையே பார்த்தார். அவர் இவரைப் பார்க்கவில்லை. இவருக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, லைசென்ஸைத் திறந்து அவர் பக்கம் நீட்டினார்.

"லைசென்ஸ் தேகேங்கே, சாப்?"

கேட்காமலேயே லைசென்ஸைக் காட்டுகிற ஆளை அவர் இதுவரை பார்த்திருக்க மாட்டார். இவரையும் என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "நக்கோ அண்ணா, ஜாவோ" என்று கையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் இவர் முதுகுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்.

"கனகம், மாமாட்ட நான் பொய் சொல்லல."

இந்த மனுஷர் பயந்தது போலீஸுக்கு மட்டும் இல்லை. அப்பா எதிரில் உட்காராமல் நின்றது, அப்பாவின் பிரேதத்தின் அருகில்கூட ஓரமாகவே நின்றது எல்லாம் அந்த ஒரு 'ஆமா'வுக்காக. அப்பா இருந்திருந்தால் இன்று சொல்லியிருப்பேன். அவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

"இல்லங்க. நீங்க நெசத்தத்தான் சொல்லியிருக்கீங்க" என்று சொல்லி, முதுகில் கையை வைத்தேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்து ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். இவருக்கு அவசரமே இல்லை. போலீஸ்காரர் பக்கம் ஒரு தரம் தலையை அசைத்துவிட்டு, இண்டிகேட்டர் போட்டு, கையையும் காட்டி, மெயின் ரோட்டிலேயே திரும்பினார்.